நோர்சியா நகரத்து அர்ச். ஆசீர்வாதப்பர்



உங்களில் அநேகருடைய வீட்டில் அர்ச். ஆசீர்வாதப்பர் சுரூபம் இருக்கும். சிலர் அதைக் கழுத்தில் அணிந்திருக்கிறீர்கள். சிலர் பாடுபட்ட சுரூபத்தின் நடுவில் பதித்து, தலைவாசலுக்கு மேல் மாட்டியிருக்கிறீர்கள். பசாசின் தந்திரங்களிலிருந்து நம்மைக் காக்கும் சுரூபம் என்று அதை நாம் அறிவோம். ஆனால் அதிலே பொறித்திருப்பது இன்னதென்று என்றாவது உற்றுப் பார்த்ததுண்டா? இன்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்தில் பாருங்கள். சந்நியாச உடை தரித்து, ஒரு கையில் சிலுவையும் மறு கையில் ஒழுங்குப் புத்தகமும் ஏந்தி நிற்பவரே நம்முடைய அர்ச்சியசிஷ்டவர். அவருக்கு ஒரு பக்கத்தில் ஒரு கிண்ணம். அதிலிருந்து பாம்பு தலை தூக்குகிறது. மறு பக்கத்தில் ஓர் அண்டங்காக்கை. அதனருகே ஓர் அப்பம். 1880-ம் ஆண்டு, அவர் பிறந்து 1400 வருஷம் ஆனதைக் கொண்டாடும்படி வார்க்கப்பட்ட சுரூபத்தின் சாயல் இது.

அந்தக் கிண்ணம் ஏன்? அந்த அப்பம் ஏன்? இரண்டும் அவருக்கு விஷம் வைத்துக் கொடுக்கப்பட்ட போசனம். ஒன்றைக் கொடுத்தவர்கள் அவரோடு ஒரே மடத்தில் வாழ்ந்த சந்நியாசிகள். மற்றதை அனுப்பியவர் ஒரு குருவானவர். இப்படிப் பந்தியிலே இரண்டு தரம் மரணத்தைச் சந்தித்த ஒருவர், பிற்பாடு பந்தியைப் பற்றிச் சட்டம் எழுத உட்கார்ந்தால் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே அவருடைய ஊருக்கு மனதளவில் என்னோடு வாருங்கள்.

மலைநாட்டு ஊர்

இத்தாலியா தேசத்தின் நடுப்பகுதியில், ரோமாபுரிக்கு வடகிழக்கே, உம்பிரியா என்னும் மலைநாடு இருக்கிறது. அங்கே சிபில்லினி மலைகளின் அடியில், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், மதில் சூழ்ந்த சிறு பட்டணம் நோர்சியா. பழைய ரோமர் அதை நூர்சியா என்றார்கள். இன்று யாத்திரிகர்களும் உல்லாசப் பிரயாணிகளும் அங்கே போகிறார்கள். ஒரு சாரார் அர்ச்சியசிஷ்டவரைத் தேடிப் போகிறார்கள். மற்றொரு சாரார் சாப்பாட்டைத் தேடிப் போகிறார்கள். இரண்டையும் தேடிப் போகிறவர்களே அதிகம் என்று சொன்னால் தவறாகாது.

ஏனென்றால் அந்த ஊர் சாப்பாட்டுக்குப் பேர் பெற்றது. சுற்றிலும் ஓக் மரக் காடுகள். குளிர் மிகுந்த காற்று. பன்றித் தொடைகளை உப்பிட்டு, மாதக்கணக்காய்க் காற்றில் தொங்கவிட்டுப் பதப்படுத்தும் தொழிலில் நோர்சியாக்காரர் அவ்வளவு கெட்டிக்காரர்கள். குளிர்காலம் வந்தால் ரோமாபுரிக்கும் மற்றப் பட்டணங்களுக்கும் கூட்டமாய்ப் போய் அந்த வேலை செய்து பிழைத்தார்கள். அதனால் பன்றி இறைச்சி பதப்படுத்துகிறவன் எந்த ஊரில் பிறந்திருந்தாலும் இத்தாலியர் அவனை நோர்சினோ, அதாவது நோர்சியாக்காரன் என்றே அழைக்கிறார்கள். மலைக்காடுகளில் மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் என்னும் கறுப்புக் காளானை நாய்களைக் கொண்டு மோப்பம் பிடித்துத் தோண்டுகிறார்கள். அது பொன்விலை பெறும். இன்னும் மேலே ஏறினால், ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரத்தில், கஸ்தெல்லூச்சியோ என்னும் மலைக்கிராமமும் அதன் கீழே விரிந்த சமவெளியும். அங்கே நம்முடைய மைசூர்ப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த சிறு பருப்பு விளைகிறது. பணக்காரர் டிரஃபிளைத் தேடுவார்கள். ஏழையின் சட்டியில் அந்தப் பருப்பு வேகும்.

ஊரின் நடுவே அர்ச். ஆசீர்வாதப்பர் பேரால் ஒரு சதுக்கம். அதிலே அவருடைய கற்சிலை. சிலைக்கு எதிரே அவருடைய கோவில். அவர் பிறந்த வீடு இருந்த இடத்திலே அது கட்டப்பட்டது என்று முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள்.

உடைந்த தட்டு

அவர் ஏறக்குறைய 480-ம் ஆண்டில் நல்ல வசதியுள்ள குடும்பத்தில் பிறந்தார். அவருடைய சகோதரி அர்ச். ஸ்கொலாஸ்திக்கம்மாள், இருவரும் இரட்டைப் பிள்ளைகள் என்பது பாரம்பரியம். அவர் பிறப்பதற்குச் சில வருஷங்களுக்கு முன், 476-ல், மேற்கு ரோமை இராச்சியம் விழுந்திருந்தது. அந்நிய சேனைகள் தேசத்தை ஆண்டன. யுத்தமும் பஞ்சமும் வழக்கமாய்ப் போன காலம் அது.

பெற்றோர் மகனைப் படிப்புக்காக ரோமாபுரிக்கு அனுப்பினார்கள். அங்கே கல்வியோடு கெட்ட நடத்தையும் கலந்திருந்ததைக் கண்டு வாலிபர் பயந்தார். படிப்பையும் சொத்தையும் விட்டுவிட்டு, சர்வேசுரனுக்கு மாத்திரம் பிரியப்பட வேண்டுமென்று புறப்பட்டுப் போனார். சிறு வயது முதல் அவரை வளர்த்த தாதி மாத்திரம் அவரை விடாமல் கூடப் போனாள்.

வழியிலே ஓர் ஊரில் தங்கினார்கள். ஒரு நாள் அந்தத் தாதி கோதுமையைச் சுத்தம் செய்வதற்காக அக்கம்பக்கத்துப் பெண்களிடம் ஒரு தட்டு இரவல் வாங்கினாள். நம்முடைய வீட்டு முறத்தைப் போன்ற சாமான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனக் குறைவாய் மேசைமேல் வைக்க, அது விழுந்து இரண்டாய் உடைந்தது. இரவல் சாமானை உடைத்துவிட்டு எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது? தாய்மாரே, அவள் அழுததன் காரணம் உங்களுக்குத்தான் நன்றாய்த் தெரியும். வாலிபர் அந்த இரண்டு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு கண்ணீரோடு ஜெபித்தார். எழுந்திருக்கும்போது தட்டு பழுதில்லாமல் முழுதாய் இருந்தது. அவருடைய முதல் புதுமை இதுவே. சாகப் போகிறவனை எழுப்பினதல்ல, கடலைப் பிளந்ததல்ல. அடுப்படிச் சாமான் ஒன்றைச் சரிசெய்து ஒரு வேலைக்காரியின் அழுகையைத் துடைத்தது.

குகையும் பாஸ்குத் திருநாளும்

அந்தப் புதுமை ஊரெல்லாம் பரவிற்று. ஜனங்களுடைய புகழ்ச்சிக்குப் பயந்து அவர் தாதிக்கும் தெரியாமல் ஓடிப் போய், சுபியாக்கோ என்னும் இடத்தில் செங்குத்தான பாறையில் இருந்த ஒரு குகையில் ஒளிந்துகொண்டார். மூன்று வருஷம் அங்கே தபசு செய்தார். ரொமானுஸ் என்னும் சந்நியாசி ஒருவருக்கு மாத்திரம் விஷயம் தெரியும். அவர் தம்முடைய மடத்தில் தமக்குக் கிடைக்கும் அப்பத்தில் ஒரு பங்கை மிச்சம் பிடித்து, குறித்த நாட்களில் பாறையின் மேலிருந்து கயிற்றில் கட்டி இறக்குவார். கயிற்றில் ஒரு சிறு மணி கட்டியிருக்கும்; சத்தம் கேட்டு வாலிபர் வெளியே வந்து எடுத்துக்கொள்வார். இந்த அன்பைப் பொறாத பசாசு ஒரு நாள் கல்லெறிந்து மணியை உடைத்தது. ஆனாலும் ரொமானுஸ் நிறுத்தவில்லை.

ஒரு வருஷம் பாஸ்குத் திருநாள். தூரத்து ஊரில் ஒரு குருவானவர் தமக்குத் திருநாள் விருந்து சமைத்து வைத்திருந்தார். அப்போது ஆண்டவர் அவருக்குத் தரிசனத்தில் தோன்றி, தம்முடைய ஊழியன் ஒருவன் குகையில் பசியாயிருப்பதை அறிவித்தார். உடனே அவர் சமைத்ததை எடுத்துக்கொண்டு மலை, பள்ளத்தாக்கு, பாறையிடுக்கு எல்லாம் தேடி அலைந்து குகையைக் கண்டுபிடித்தார். இருவரும் ஜெபித்தார்கள். அன்று பாஸ்கு என்பதே தனிமையில் இருந்த அந்த வாலிபருக்குத் தெரியாது. குருவானவரைக் கண்டதே தமக்குப் பாஸ்கு என்று அவர் எண்ணினார். திருநாளில் உபவாசம் தகாது என்று குருவானவர் எடுத்துச் சொல்ல, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஒருவருக்கும் தெரியாத குகையில் கிடந்தவருக்கும் சர்வேசுரன் தனிச் சாப்பாடு அனுப்பவில்லை. கூடச் சாப்பிட ஒரு மனுஷனையும் சேர்த்து அனுப்பினார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு உதவும்.

விஷக் கிண்ணமும் விஷ அப்பமும்

அவருடைய பரிசுத்தம் வெளியே தெரிந்தபோது, சமீபத்தில் மேலதிபரை இழந்திருந்த ஒரு மடத்தார் வந்து, தங்களுக்குத் தலைவராகும்படி கெஞ்சினார்கள். தம்முடைய நடை அவர்களுக்கு ஒத்துவராது என்று அவர் நெடுநாள் மறுத்துப் பார்த்தார். விடவில்லை. கடைசியில் இசைந்தார். போன இடத்தில் ஒழுங்கை நிலைநாட்டினார். இஷ்டப்படி நடந்து பழகியவர்களுக்கு அது கசந்தது. வாயைத் திறந்து சொல்லாமல், திராட்சரசத்தில் விஷத்தைக் கலந்து, பந்தியில் உட்கார்ந்த தலைவர் முன் ஆசீர்வாதத்துக்காக நீட்டினார்கள். அவர் வழக்கப்படி கையை நீட்டிச் சிலுவை அடையாளம் வரைந்தார். கல்லால் அடித்தாற்போல் கண்ணாடிக் கிண்ணம் சுக்குநூறாய் உடைந்தது.

நாமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? ஊரைக் கூட்டியிருப்போம். அவரோ முகம் மாறாமல் எழுந்தார். சர்வேசுரன் அவர்களுக்கு இரங்க வேண்டுமென்று சொன்னார். தாம் முன்னமே எச்சரித்ததை நினைப்பூட்டி, தங்களுக்கு ஏற்ற வேறு தலைவரைத் தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தம் குகைக்குத் திரும்பினார்.

பிறகு அவரைத் தேடிச் சீஷர்கள் திரண்டார்கள். சுபியாக்கோவிலே பன்னிரண்டு மடங்களைக் கட்டி, மடத்துக்குப் பன்னிரண்டு பேராய் வைத்தார். ரோமாபுரியின் பெரிய குடும்பத்தார் தங்கள் பிள்ளைகளையும் அவரிடம் ஒப்படைத்தார்கள். அர்ச். மவுருஸ், அர்ச். பிளாசிது என்பவர்கள் அப்படி வந்தவர்கள்.

அந்த வளர்ச்சியைக் கண்டு அருகிலிருந்த கோவிலின் குருவாகிய புளோரென்சியுஸ் பொறாமையால் எரிந்தார். ஒரு நாள் விஷமிட்ட அப்பத்தை, அன்பின் அடையாளமாய் அனுப்புகிறாற்போல் அனுப்பினார். அர்ச்சியசிஷ்டவர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். ஆயினும் அதில் இருந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. தினமும் சாப்பாட்டு வேளையில் காட்டிலிருந்து வந்து அவர் கையிலிருந்து அப்பம் தின்னும் அண்டங்காக்கை ஒன்று உண்டு. அந்த அப்பத்தை எடுத்துப்போய் ஒருவரும் காணாத இடத்தில் போடும்படி அதற்கு ஆண்டவர் பேரால் கட்டளையிட்டார். அது பயந்து சிறகடித்துச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கவ்விக்கொண்டு பறந்தது. சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து தன் பங்கை வழக்கம்போல் வாங்கிக்கொண்டது.

பொறாமை அதோடு நிற்கவில்லை. அந்தக் குரு இளம் சீஷர்களைப் பாவத்தில் விழுத்தாட்டப் பார்த்தார். தம்மாலே மற்றவர்களுக்குக் கேடு வரக்கூடாதென்று அர்ச்சியசிஷ்டவர் தாமே அவ்விடம் விட்டுப் புறப்பட்டார். அவர் போவதை மேல்மாடத்தில் நின்று சந்தோஷமாய்ப் பார்த்துக்கொண்டிருந்த புளோரென்சியுஸ், மாடம் இடிந்து விழுந்து மாண்டார். மவுருஸ் அதை நல்ல செய்தியாக எண்ணி ஆள் அனுப்பித் தெரிவித்தார். அர்ச்சியசிஷ்டவரோ அந்தக் குருவுக்காகப் பெருங்குரலில் அழுதார். சத்துருவின் சாவில் மகிழ்ந்ததற்காகத் தம் பிரிய சீஷனுக்குப் பிராயச்சித்தமும் விதித்தார்.

மலைமேல் எழுதிய ஒழுங்கு

ஏறக்குறைய 529-ம் ஆண்டில் மொந்தே கசீனோ என்னும் மலைக்கு வந்தார். மலையுச்சியில் அப்போல்லோ என்னும் பொய்த் தேவனுக்குக் கோவில் இருந்தது. அதை அகற்றி ஜெப ஆலயங்களையும் மடத்தையும் எழுப்பினார். அங்கே எழுதியதுதான் அவர் கையில் நீங்கள் காணும் அந்த ஒழுங்குப் புத்தகம். 73 சிறு அதிகாரங்கள். ஒரே நாளில் படித்து முடித்துவிடலாம். மேற்குத் தேசங்களின் சந்நியாச வாழ்வு பெரும்பாலும் அதன்மேல் கட்டப்பட்டிருக்கிறது. ஜெபம், வேலை, படிப்பு இவற்றுக்கெல்லாம் அதில் நேரம் குறித்திருக்கிறது. ஆனால் இன்று சாப்பாட்டைப் பற்றிய அதிகாரங்களை மாத்திரம் பார்ப்போம். இரண்டு தரம் விஷம் பரிமாறப்பட்டவர் எழுதியவை என்பதை மறவாதேயுங்கள்.

சாப்பாட்டில் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் சட்டம் ஏதும் அதில் இல்லை. முந்தி ஒருவன் ருசி பார்த்த பிறகே தலைவர் சாப்பிட வேண்டும் என்ற ஏற்பாடும் இல்லை. பந்தியில் தினமும் இரண்டு வகைப் பதார்த்தம் சமைக்கவேண்டும் என்று விதிக்கிறார். ஏன் இரண்டு? ஒன்று ஒருவனுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதையாவது சாப்பிடட்டும் என்பதற்காக. காயோ கனியோ கிடைத்தால் மூன்றாவதும் சேரலாம். நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு ராத்தல் அப்பம். வேலை கடினமாயிருந்தால் கூட்டிக் கொடுக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. சந்நியாசிகளுக்குத் திராட்சரசம் தகாது என்று கேள்விப்பட்டிருந்தாலும், தம் காலத்தவர் அதற்கு இசையமாட்டார்கள் என்று கண்டு, அளவோடு அனுமதிக்கிறார். நாற்கால் பிராணிகளின் மாமிசத்தை எல்லாருக்கும் விலக்கினாலும், மிகவும் பலவீனமான நோயாளிகளுக்குக் கொடுக்கச் சொல்லுகிறார். கிழவருக்கும் சிறுவருக்கும் பசி பொறுக்காது. ஆகையால் குறித்த நேரத்துக்கு முன்னமே அவர்கள் சாப்பிடலாம்.

அடுக்களை வேலை வாரமுறைப்படி எல்லாருக்கும் உண்டு. நோயாளியும் வேறு அவசியமான பொறுப்புள்ளவனும் தவிர, பெரிய குடும்பத்தில் பிறந்தவன் என்பதற்காக ஒருவனும் விலக முடியாது. வார முடிவில், வேலை முடிப்பவனும் அடுத்த வாரம் தொடங்குபவனும் சேர்ந்து சகோதரர் எல்லாருடைய கால்களையும் கழுவவேண்டும். துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாய்த் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோவிலிலே எல்லார் முன்பாகவும் அவர்களுக்காக ஜெபம் சொல்லப்படும். சமையல்கட்டுக்குப் போகிறவனுக்குக் கோவிலில் ஆசீர்வாதம்! இன்னும் கேளுங்கள்: பரிமாறுகிறவர்கள் பசியோடு முறுமுறுத்துக்கொண்டு பரிமாறக் கூடாதென்று, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னமே அவர்களுக்குக் கொஞ்சம் அப்பமும் பானமும் கொடுத்துவிடச் சொல்லுகிறார்.

உக்கிராணக்காரர் மடத்தின் சட்டி பானை முதலான எல்லாச் சாமான்களையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போல் எண்ண வேண்டுமாம். கேட்டவனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாவிட்டால் நல்ல வார்த்தையையாவது கொடுக்க வேண்டுமாம். வாசலுக்கு வரும் விருந்தாளியைக் கிறிஸ்துநாதராகவே ஏற்றுக்கொள்ள வேண்டும். விசேஷமாய் ஏழைகளையும் பரதேசிகளையும். விருந்தாளிக்காக மடாதிபதி தம்முடைய உபவாசத்தையும் நிறுத்திக்கொள்ளலாம். குறித்த நேரம் இல்லாமல் வருகிறவர்கள் என்பதால் விருந்தாளிகளுக்கென்று தனி அடுப்பே வைத்தார்.

பந்தியில் விஷம் குடிக்க வைக்கப்பட்டவர், தம் பந்தியைக் குறுக்கிக்கொள்ளவில்லை. தெருவில் போகிற அந்நியனுக்கும் அதைத் திறந்துவிட்டார். விஷத்துக்கு அவர் கொடுத்த பதில் அதுவே.

எழுதியபடி வாழ்ந்தார்

எழுதியதை அவர் தாமே செய்து காட்டினார். ஒரு மாலை அவர் சாப்பிடும்போது, உயர் உத்தியோகஸ்தர் மகனான ஓர் இளம் சந்நியாசி விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் இவருக்கு விளக்குப் பிடிப்பதா என்று அவன் மனதுக்குள் பெருமை எழும்பிற்று. அர்ச்சியசிஷ்டவர் அதை அறிந்து, நெஞ்சில் சிலுவை வரையச் சொல்லிக் கண்டித்தார். விளக்கை வேறொருவர் கையில் கொடுக்கச் செய்து, அவனை உட்காரவைத்தார்.

கம்பாஞா நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. மடத்தில் ஐந்து அப்பம் மாத்திரமே மீதி. சகோதரர் முகம் வாடினார்கள். அவர்களுடைய விசுவாசக் குறைவை அவர் மெதுவாய்க் கண்டித்துத் தேற்றினார். மறுநாள் மடத்து வாசலில், மோதியுஸ் என்னும் அக்காலத்து அளவில் 200 அளவு மாவு மூட்டைகளாய் இருந்தது. கொண்டுவந்தவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதே பஞ்ச காலத்தில் அகாபித்துஸ் என்னும் சப்தியாக்கோன் கொஞ்சம் எண்ணெய் கேட்டு வந்தார். மடத்தில் இருந்தது கண்ணாடிக் குப்பியில் சிறிதளவே. கொடுக்கச் சொன்னார் அர்ச்சியசிஷ்டவர். உக்கிராணக்காரர், கொடுத்துவிட்டால் நமக்கு இல்லையே என்று வைத்துக்கொண்டார். இது தெரிந்தபோது அர்ச்சியசிஷ்டவர் கோபங்கொண்டு, கீழ்ப்படியாமையால் மிஞ்சிய எண்ணெய் மடத்தில் இருக்கவே கூடாதென்று குப்பியைச் சன்னல் வழியாய் எறியச் செய்தார். கீழே கரடுமுரடான பாறை. குப்பி உடையவில்லை, எண்ணெய் சிந்தவில்லை. அதை எடுத்துக் கேட்டவருக்குக் கொடுத்தார்கள். பிறகு எல்லாரும் ஜெபிக்க, வெறும் பீப்பாயில் எண்ணெய் பொங்கி மூடியைத் தள்ளித் தரையில் வழிந்தது.

வருஷத்தில் ஒரு நாள் அவர் தம் சகோதரியைச் சந்திப்பார். கடைசிச் சந்திப்பில் இருவரும் பகலெல்லாம் பரலோக காரியங்களைப் பேசி, இருட்டினபின் சேர்ந்து சாப்பிட்டார்கள். விடியுமட்டும் பேசிக்கொண்டிருக்கும்படி ஸ்கொலாஸ்திக்கம்மாள் கேட்டாள். மடத்துக்கு வெளியே இரவு தங்கக்கூடாது என்று அவர் மறுத்தார். அவள் சாப்பாட்டு மேசைமேல் கைகளைக் கோத்து, தலையைக் கவிழ்த்து ஜெபித்தாள். தலை நிமிர்ந்ததும் இடியும் மின்னலும் பெருமழையும். அவரால் வாசற்படி தாண்ட முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் செய்த ஜெபத்துக்குச் சட்டமும் வழிவிட்டது. மூன்று நாள் கழித்து அவளுடைய ஆத்துமம் புறாவைப் போல் மோட்சம் ஏறுவதை அவர் கண்டார். அவள் உடலை வருவித்துத் தமக்கென்று வைத்திருந்த கல்லறையிலே அடக்கம் செய்தார்.

547-ம் ஆண்டு, மார்ச் 21-ந் தேதி அவர் மரித்தார் என்பது பாரம்பரியம். ஆறு நாளுக்கு முன் கல்லறையைத் திறக்கச் சொன்னார். கடைசி நாளில் கோவிலுக்குத் தூக்கிப்போகச் சொல்லி, தேவநற்கருணை உட்கொண்டு, சீஷர் கைத்தாங்கலாய்ப் பிடித்து நிற்க, ஜெபித்தபடியே உயிர்விட்டார். அவர் உட்கொண்ட கடைசி அப்பம் ஆண்டவரே. இவற்றையெல்லாம் அவருடைய நேர்ச் சீஷர்களிடம் கேட்டு, ஏறக்குறைய 593-ல் எழுதிவைத்தவர் பாப்பரசர் அர்ச். பெரிய கிரகோரியார்.

இடிந்தும் எழும்பியும்

அவருடைய வீடுகள் பல தரம் இடிந்தன. 1944-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி மொந்தே கசீனோ மடம் யுத்தத்தில் குண்டு வீச்சால் தரைமட்டமாயிற்று. அதை மறுபடி கட்டினார்கள். 1964-ம் ஆண்டு அக்டோபர் 24-ந் தேதி பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அங்கே சென்று அபிஷேகம் செய்து, அர்ச். ஆசீர்வாதப்பரை ஐரோப்பாவின் பாதுகாவலராக அறிவித்தார். நம்முடைய நாட்டிலும் அவருடைய குடும்பம் வேர் விட்டது. 1950-ல் குளித்தலைக்கு அருகே காவேரிக் கரையில் சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவருடைய சபைச் சந்நியாசி.

நோர்சியாவில் 1810-ல் மடம் மூடப்பட்டு, 2000-ல்தான் சந்நியாசிகள் திரும்பி வந்தார்கள். பதினாறு வருஷம் கழித்து, 2016-ம் ஆண்டு அக்டோபர் 30-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை 7-40-க்குப் பெரிய பூகம்பம். அர்ச்சியசிஷ்டவரின் கோவில் முகப்பு மாத்திரம் நிற்க, மற்றதெல்லாம் விழுந்தது. ஆகஸ்டு மாதத்துப் பூகம்பத்துக்குப் பிறகு அநேகர் வீடுகளை விட்டு வெளியேறியிருந்தபடியால், இடிபாட்டில் சிக்கி ஊரில் ஒருவரும் சாகவில்லை. சந்நியாசிகளும் கன்னியரும் ஜனங்களும் சதுக்கத்தில், நின்றுகொண்டிருந்த சிலையருகே, முழந்தாளிட்டு ஜெபித்தார்கள். அடுத்த வசந்த காலத்தில், மலைச்சாலை பெயர்ந்து கிடந்தபோதும், உழவர்கள் டிராக்டர்களை மேலே கொண்டுபோய்க் கஸ்தெல்லூச்சியோவில் பருப்பு விதைத்தார்கள். கோவிலை மறுபடி எழுப்பும் வேலையும் பிறகு தொடங்கிற்று.

நம்முடைய பந்தி

பிரியமுள்ள வாசகர்களே, நோர்சியா வரை போய்ச் சாப்பிட நம்மில் அநேகருக்கு வசதி இல்லை. ஆனால் நோர்சியா பெற்ற மைந்தனுடைய ஒழுங்கின்படி நம்முடைய வீட்டிலே சாப்பிடலாம். இன்றிரவு வீட்டார் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். ஜெபம் சொல்லித் தொடங்குங்கள். உப்புக் குறைந்தாலும் முறுமுறுக்காதேயுங்கள். எல்லாருக்கும் போட்டுவிட்டுச் சட்டியில் ஒட்டியிருப்பதைக் கடைசியில் தனியே சாப்பிடும் தாயை நினையுங்கள். பரிமாறுகிறவர் பசியோடு நிற்கக்கூடாது என்று 1400 வருஷங்களுக்கு முன்னமே ஓர் அர்ச்சியசிஷ்டவர் எழுதிவைத்தார். ஆண்பிள்ளைகளே, வாரத்தில் சில நாள் நீங்கள் பாத்திரம் கழுவினால் குறைந்துபோகமாட்டீர்கள்.

கடைசியாக ஒரு காரியம். நம்முடைய பங்கிலே, அண்ணன் வீட்டில் கை நனைக்கமாட்டேன், மைத்துனன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று சபதம் செய்திருக்கும் குடும்பங்கள் உண்டு. பாகப் பிரிவினையில் நடந்த அநியாயம் உண்மையாகவே இருக்கலாம். கலியாண வீட்டில் விழுந்த சொல் விஷமாகவே இருந்திருக்கலாம். அர்ச். ஆசீர்வாதப்பருக்குக் கொடுத்ததோ மெய்யான விஷம். அவர் அவர்களுக்காக இரக்கம் கேட்டார். தமக்குச் சத்துருவாயிருந்தவரின் சாவில் அழுதார். விஷத்தைக் குடிக்க வேண்டும் என்று அவர் நமக்குச் சொல்லவில்லை. அவர் அந்தக் கிண்ணத்தைக் குடிக்கவுமில்லை. ஆனால் அதற்காகப் பந்தியையே வெறுக்கவில்லை.

அவருடைய திருநாள் இப்போது ஜூலை மாதம் 11-ந் தேதி வருகிறது. அதற்கு முன் அந்த வீட்டாரை உங்கள் வீட்டுக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் கூப்பிட்டால் போங்கள். பெரிய விருந்து வேண்டாம், பருப்புச் சோறு போதும். ஒரே தேவநற்கருணைப் பந்தியில் ஞாயிறுதோறும் முழந்தாளிடுகிறவர்கள், வீட்டுப் பந்தியில் ஒருவரையொருவர் ஒதுக்கி வைத்திருப்பது தகுமா? போகுமுன் அந்தச் சுரூபத்தை முத்தி செய்து, சிலுவை அடையாளம் வரைந்துகொள்ளுங்கள். உடையவேண்டியது எதுவோ அது உடையட்டும். இரண்டாய் உடைந்து கிடப்பது ஒன்றாய்ச் சேரட்டும். இந்த வரத்தை நம் குடும்பங்களுக்கு அடைந்து தரும்படி அர்ச். ஆசீர்வாதப்பரை மன்றாடுவோமாக.